குடோனுக்குப் போன கிங்ஸ் காம்பிட்

கல்யாணத்துக்கு என் வீட்டுல இருந்து நான் கொண்டு வந்த சாமான்கள்ல, புகுந்த வீடு இருக்கிற இராஜாக்கமங்கலத்துல யாருக்கும் பிடிபடாத சாமான் ஒண்ணே ஒண்ணுதான். என்னோட கம்ப்யூட்டர். அதுல நான் படம் பாக்க மாட்டேன், பாட்டு கேக்க மாட்டேன். செஸ். அதுவும் கம்ப்யூட்டரோட ஆடுற செஸ் இல்ல, ஆட்டங்களைச் சேத்துச் சேத்து அடுக்கி வைக்கிற செஸ். "ஆடாம அடுக்கி மட்டும் வச்சு என்ன செய்யப் போறா இவ?"ன்னு என் மாமியார் கேட்டாங்க. அத்தைன்னுதான் கூப்பிடுவேன். அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அன்னைக்கு முறைச்சிட்டு உள்ள போயிட்டேன். பதில் தெரிஞ்சிருந்தா முறைச்சிருக்க மாட்டேன்.

செஸ் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டம் ஆரம்பிச்சு முதல் பத்துப் பதினஞ்சு மூவ் வரைக்கும் ஓப்பனிங். எதிராளி இப்படித் தொடங்கினா நான் இப்படிப் போவேன், அவ அங்க திரும்பினா நான் இங்க திரும்புவேன்னு வீட்டுலயே முடிவு பண்ணி வச்சுக்கணும். அப்படி ஒருத்தர் தனக்குன்னு வச்சிருக்கிற வழிகள் எல்லாத்துக்கும் சேத்து ரெப்பர்ட்வார்னு பேரு. காலேஜ்ல படிச்சப்ப நாப்பது பக்க நோட்டுல எழுதி வச்சிருந்தேன். இரண்டாயிரத்து நாலு, அஞ்சுல டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் கைக்கு வந்துச்சு. லட்சக்கணக்கான ஆட்டங்கள், தட்டினா தேடித் தரும். இனி என்னை யாரும் பிடிக்க முடியாதுன்னு நினைச்சேன். பிடிச்சது அந்த சாஃப்ட்வேர்தான். கழுத்தைப் பிடிச்சுது.

நோட்டுல இடம் தீர்ந்து போகும். கம்ப்யூட்டர்ல தீராது. அதுதான் வினையே. வெள்ளைக்கு ஒரு ஃபைல், கறுப்புக்கு ஒரு ஃபைல்னு ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். பிறகு புதுசா வந்த ஆட்டங்களுக்கு ஒரு ஃபைல். அதுல நல்லதைப் பொறுக்கிப் போட ஒரு ஃபைல். பொறுக்கினதுல சந்தேகம் வந்ததுக்கு ஒரு ஃபைல். "புதுசு", "புதுசு 2", "கடைசி", "உண்மையான கடைசி". ஒரு வழியைத் திறந்தா அது எட்டாப் பிரியும், எட்டுல ஒவ்வொண்ணும் திரும்பப் பிரியும். மூடிட்டு எந்திரிக்கும்போது என்ன படிக்க உக்காந்தேன்னே மறந்து போயிருக்கும்.

இன்னொரு கொடுமை இருக்கு. நாகர்கோவில்ல இருந்து திருவட்டாறுக்கு அழகியமண்டபம் வழியாவும் போகலாம், குலசேகரம் வழியாவும் போகலாம். எப்படிப் போனாலும் இறங்குறது திருவட்டாறுலதான். செஸ்லயும் வேற வேற மூவ் வழியா ஒரே இடத்துக்கு வந்து நிக்கலாம். சாஃப்ட்வேர்ல ரெண்டையும் ரெண்டு இடத்துல போட்டு வச்சிருப்பேன். ஒரு இடத்துல, "இங்க மந்திரியை வெட்டு, ஜெயம்"னு எழுதியிருக்கும். அடுத்த இடத்துல, அதே காய்கள் அதே கட்டத்துல நிக்கும்போது, "மந்திரியைத் தொடவே கூடாது"ன்னு எழுதியிருக்கும். ரெண்டும் நானே எழுதினது. இதுல எவளை நான் நம்ப?

அத்தோட கரண்ட். அந்த வருஷங்கள்ல தினமும் மணிக்கணக்கா கரண்ட் போகும். யூபிஎஸ் பெட்டி கீ கீன்னு கத்தத் தொடங்கும், நான் ஓடிப் போய் ஃபைலை மூடணும். மூடாம நின்னு போச்சுன்னா, திரும்பத் திறக்கும்போது ஆட்டங்களோட பேரு இருக்கும், உள்ள மூவ் இருக்காது. சவம், ஒரு நாள் பூரா இருந்து அடிச்சது எல்லாம் போச்சுன்னு தலையில கைய வச்சு உக்காந்திருப்பேன். அத்தை எட்டிப் பாத்து, "யாரு ஏட்டி செத்தது?"ம்பாங்க.

இவ்வளவு பாடும் எதுக்குன்னா, எனக்குத் தவணை ஒரு வருஷம்தான். நான் எம்.எஸ்ஸி. கணக்கு. அடுத்தது பி.எட். முடிச்சு ஸ்கூல்ல வேலைக்குப் போகணும்ங்கிறது அத்தையோட தீர்மானம். மாநில மகளிர் போட்டியில முதல் நாலு இடத்துல வந்தா தமிழ்நாட்டு அணியில சேத்து நேஷனல்ஸ் அனுப்புவாங்க. யுனிவர்சிட்டி காலத்துலயே அது என் கனவு. கல்யாணம் ஆன புதுசுலயே அத்தைகிட்ட நேராப் போய்க் கேட்டேன். அவங்க வெத்தலையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. "ஒரு வருஷம் தாரேன். நாலு பேர்ல வந்தா பொறவும் ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வரல்லன்னா செஸ் பலகையை எடுத்து ஒதுக்கி மாத்திட்டு பி.எட்.க்குப் போகணும். செரியா?" செரின்னேன். வேற என்ன சொல்ல முடியும்? கேட்டதும் நான், ஒத்துக்கிட்டதும் நான்.

அத்தை செஸ்ஸை மெச்சினது ஒரே ஒரு தடவைதான். கடியப்பட்டணம் பக்கம் கிறிஸ்மஸுக்கு ஒரு வாசகசாலையில போட்டி வச்சாங்க. முதல் பரிசு ஒரு ஏத்தங்குலை, முழு நேந்திர வாழைத்தார். ஜெயிச்சு, குலையைத் தோள்ல தூக்கிட்டுப் பஸ்ல வந்து இறங்கினேன். அத்தை குலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கொள்ளாம். நல்ல வெளஞ்ச காயி"ன்னாங்க. காயைச் சீவி உப்பேரி பொரிச்சு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாங்க.

இனி என் வீட்டுக்காரர். நாகர்கோவில்ல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவருக்கு செஸ்ல குதிரை எப்படிப் போகும்னுகூடத் தெரியாது. ஆனா கீபோர்டுல கை பறக்கும். ஞாயித்துக்கிழமை நான் மூவ் சொல்லச் சொல்ல அவர்தான் அடிச்சு ஏத்துவார். நல்ல மனுஷன், அதுல குறை சொல்ல மாட்டேன். குறை என்னன்னா, உலகத்துல உள்ள எல்லாத்தையும் அவர் ரெண்டாத்தான் பிரிப்பார்: ஓடுற சரக்கு, ஓடாத சரக்கு. கையெட்டுற தட்டுல ஓடுற சரக்குதான் இருக்கணும். மாசக்கணக்கா யாரும் கேக்காத சாமானை ஒரு நாள் மொத்தமா எடுத்து குடோனுக்கு அனுப்பிருவார். அதைச் செஞ்ச அன்னைக்கு அவர் முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும். கடையில எனக்கு என்ன? நல்லா அனுப்பட்டும்.

நானோ தினமும் அவர்கிட்ட ஒப்பாரி வச்சுக்கிட்டே இருந்தேன். "நிறைய ஆகிப் போச்சு. தேடினது கிடைக்க மாட்டேங்குது. சிஸ்டம் இழுக்கு. பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு." அவர் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருந்தார். அவர் ஒண்ணும் சொல்லலன்னா பயப்படணும்னு எனக்கு அப்போ தெரியல.

போட்டி சேலத்துல நடந்துச்சு. நான் நல்லா ஆடினேன், சும்மா சொல்லக் கூடாது. கடைசி ரவுண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணக்குப் பாத்தா, டிரா எடுத்தாலே போதும், நாலாவது இடம் எனக்கு. யாரோட யார் ஆடணும்ங்கிற பேரிங் ஒட்டினாங்க. எனக்குக் கறுப்பு. எதிராளி ஒரு பேங்க் வேலைக்காரி. "அவ வெள்ளையில எப்பவும் கிங்ஸ் காம்பிட்தான் ஆடுவா"ன்னு ரூம்ல கூட இருந்த பெண் சொன்னா.

கிங்ஸ் காம்பிட் பழைய காலத்து ஓப்பனிங். ரெண்டாவது மூவ்லயே ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துட்டு ராஜா மேல பாய்ஞ்சு வருவாங்க. எங்க காலத்துல அதை ஆடுறவங்க ரொம்பக் குறைவு. ஆனா எனக்கு பயமே வரல. என் கறுப்பு ஃபைல்ல அது இருக்குல்லா! எந்த இடத்துல இருக்கு, என்ன நிறத்துல அடையாளம் போட்டேன், மேலயும் கீழயும் என்ன இருக்குன்னுகூடக் கண்ணுக்குள்ள தெரிஞ்சுது. லேப்டாப் எல்லாம் அன்னைக்கு எனக்கு ஏது? செல்லை எடுத்து வீட்டுக்குப் போட்டேன்.

"இஞ்ச பாருங்க, சிஸ்டத்தைப் போட்டு கறுப்பு ஃபைலைத் திறங்க. கிங்ஸ் காம்பிட்னு இருக்கும். ஒவ்வொரு மூவா வாசிங்க, நான் எழுதிக்கிடுதேன்."

கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. பிறகு மவுஸ் சத்தம். பிறகு ஒண்ணும் கேக்கல.

"என்ன, கரண்ட் போயிட்டா?"

"கரண்ட் எல்லாம் இருக்கு." தொண்டையைச் செருமினார். "பிள்ளே, அது ஓடாத சரக்குல்லா?"

"என்னது?"

"நீ ஆடி எழுதிக் கொண்டு வந்த பேப்பர எல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன் கேட்டியா. வருஷம் பூரா ஒருத்திகூட அத உங்கிட்ட ஆடல்ல. அதுமாதிரி நிறைய கெடந்துது. நீ பஸ் ஏறின பொறவு எல்லாத்தையும் எடுத்து மாத்திட்டேன். நீ வரும்போ ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு. சிஸ்டம் இப்பம் எப்படிப் பறக்குன்னு பாக்கணும் நீ!"

எனக்கு வந்த கோபத்தை எழுத்துல எழுத முடியாது. எழுதினா யாரும் அச்சடிக்க மாட்டாங்க. ஹோட்டல் வராண்டாவுல நின்னு, "உங்க கிளட்ச் கேபிளும் என் கிங்ஸ் காம்பிட்டும் ஒண்ணா? யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"ன்னு கத்தினேன். ரூம் ரூமாக் கதவு திறந்து தலை எட்டிப் பாத்துச்சு. அவர் "இல்ல பிள்ளே, கேளு, நான் அத..."ன்னு ஏதோ சொல்ல வந்தார். நான் கட் பண்ணினேன். திரும்ப அடிச்சார். செல்லை அணைச்சுப் பையில போட்டேன். அந்த நேரத்துல பலகையை எடுத்து வச்சு நானே நாலு மூவ் யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. படுத்துக்கிட்டு அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

காலையில அவ கிங்ஸ் காம்பிட்தான் ஆடினா. சிப்பாயைக் கொடுத்தா, வெட்டினேன். என் சிப்பாயை முன்னால தள்ளினேன், அவ பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினா. எல்லாம் ஃபைல்ல இருந்த மாதிரியே போச்சு. அஞ்சாவது மூவ்ல அவளோட குதிரை நடுவுல வந்து குதிச்சு நின்னுச்சு. அடுத்தது என்ன? கண்ணை மூடிப் பாத்தேன். நிறம் ஞாபகம் வருது, வரிசை ஞாபகம் வருது, மேல என்ன கீழ என்னன்னு எல்லாம் வருது. மூவ் மட்டும் வரல. படுபாவி, அழிச்சுட்டாரே, அழிச்சுட்டாரேன்னு மனசு அதையே சொல்லிச்சு. கடைசியில அந்தக் குதிரை குறி வச்ச சிப்பாயைக் காப்பாத்தணும்னு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். அவ மந்திரியை இறக்கினா. என் ராஜா பக்கத்துக் கட்டத்துல குதிரையும் மந்திரியும் சேந்து குறி. மூலையில சும்மா இருந்த யானையைக் காவலுக்கு இழுத்தேன், அது அங்கயே மாட்டிக்கிச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கை கொடுத்து எந்திரிச்சிட்டேன்.

அஞ்சாவது இடம். அரைப் புள்ளியில போச்சு. பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

சேலத்துல இருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ல நான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். என்ன சொல்லித் தொடங்கணும், எந்த இடத்துல சத்தத்தைக் கூட்டணும், எதைச் சொன்னா அவருக்கு உறைக்கும். பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு நின்னார். பையை வாங்கி பைக்ல வச்சார். வீட்டுக்கு வந்ததும், என்னைக் கம்ப்யூட்டர் முன்னால கூட்டிட்டுப் போனார்.

"நான் அழிக்கல்ல பிள்ளே. கடையில எந்தச் சரக்கையாவது நான் தூரப் போட்டுப் பாத்திருக்கியா? குடோன்லதான் வைப்பேன். சிடியில ஏத்தி வச்சிருந்தேன். அத சொல்லத்தான் அன்னைக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். பாரு, ஒண்ணுவிடாம திரும்ப ஏத்திட்டேன்."

திரையில பாத்தேன். கிங்ஸ் காம்பிட் அதே நிறத்துல, அதே இடத்துல இருந்துச்சு. தட்டித் திறந்தேன். சிப்பாய், சிப்பாய், எல்லாம் வரிசையா வந்துச்சு. அஞ்சாவது மூவ்ல குதிரை வந்து குதிச்சுது. அதுக்குக் கீழ என் எழுத்து: "இங்க பிறகு பாக்கணும்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.

நான் திரும்பத் திரும்ப அம்புக்குறியை அழுத்தினேன். ஏதாவது ஒளிஞ்சு கிடக்குமோன்னு ஒரு நப்பாசை. வருஷம் பூரா நிறம் போட்டேன், பேர் போட்டேன், இடம் மாத்தி இடம் மாத்தி வச்சேன். பாக்க மட்டும் செய்யல. பஸ்ல வழி நெடுக ஒத்திகை பாத்த திட்டுல ஒண்ணுகூட இப்போ பொருந்தல. அவர் பக்கத்துல நின்னு, "எல்லாம் சரியா இருக்குல்லா?"ன்னு கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? ஒரு பேரைத் தட்டினா உள்ள ஏதோ இருக்குன்னு நினைச்சிருக்கார். நானும் அப்படித்தானே நினைச்சேன்.

மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். சாளை மீன் புளிமுளம், மரச்சீனிக் கிழங்கு. அத்தை பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. போட்டியைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை கேக்கல. அவரே தொடங்கினார்.

"எம்மா, இவ தோத்தது என்னாலயாக்கும். நான் இவளுக்க ஃபைல்ல இருந்து ஒரு சாமானை எடுத்து சிடியில மாத்திட்டேன். கரெக்டா அதத்தான் கடைசி ஆட்டத்துல கேட்டிருக்காவ. தப்பு என் மேல. இந்த வருஷத்தைக் கணக்குல எடுக்காதம்மா. இன்னும் ஒரு வருஷம் குடு."

அத்தை கரண்டியைச் சட்டிக்குள்ள போட்டாங்க. "ஏலே, அவளுக்குள்ளத நீ எதுக்குலே தொட்ட? நானும்தான் இந்த வீட்டுல ரொம்ப நாளா ஓடாம கெடக்கேன். என்னையும் சிடியில ஏத்தி குடோன்ல கொண்டு வச்சிருவியா?" பிறகு என் பக்கம் திரும்பினாங்க. "உள்ளதா பிள்ளே? இவனாலயா தோத்த?"

இதோ, இன்னொரு வருஷம் என் இலையில வந்து விழுந்து கிடக்கு. நான் ஆமான்னு தலையாட்டினா போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். அவர் என்னைப் பாத்து, ஆமான்னு சொல்லுன்னு கண்ணைக் காட்டுறார். எனக்கு அந்த வருஷம் வேணும். எவ்வளவு வேணும்னு சொன்னா யாருக்கும் புரியாது. ஆனா அந்த நேரத்துல எனக்குள்ள வேற ஒண்ணு பத்திக்கிட்டு வந்துச்சு.

"அதுல ஒரு எளவும் இல்ல அத்தை!"ன்னு கத்திட்டேன். "அஞ்சு மூவ் இருக்கு. அதுக்குக் கீழ பிறகு பாக்கணும்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். இவரு எடுத்தாலும் எடுக்கலன்னாலும் நான் தோத்திருப்பேன்." அவர் பக்கம் திரும்பினேன். "என் ஃபைலையும் நீங்களே அடுக்குவீங்க. இப்ப நான் தோத்ததையும் நீங்களே எடுத்துக்கிடுவீங்களா? அதையாவது எனக்குன்னு விடுங்க!"

அவர் மரச்சீனியைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். எனக்கு மூக்குல தண்ணி ஒழுகுது, கையில எல்லாம் மீன் குழம்பு, துடைக்கவும் வழியில்ல.

அத்தை மெல்லக் கேட்டாங்க. "அப்பம் பி.எட்.க்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வரச் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"செரி." குனிஞ்சு என் இலையில இன்னும் ரெண்டு சாளையை வச்சாங்க. "தின்னு. ஆறிப் போவுது."

ஜூன் மாசம் பி.எட்.ல சேந்தேன். இப்போ பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். மாநில அணியில நான் ஒரு நாளும் வரல. அதை எழுதும்போது இன்னைக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. இல்லன்னு சொன்னா பொய்.

ஆனா அன்னைக்குச் சாப்பிட்டுக் கை கழுவின கையோட, பலகையை எடுத்து மாத்துறதுக்கு முன்னாடி, தரையில உக்காந்து காய்களை அடுக்கினேன். கம்ப்யூட்டரைப் போடல. அஞ்சாவது மூவ் வரைக்கும் வச்சேன். அந்தக் குதிரை நடுவுல நின்னு என்னையே பாத்துச்சு. ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அது குறி வச்ச சிப்பாய் போனாப் போகட்டும், அதைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம். என் குதிரையை வெளிய எடுத்தா போதும். பச்சப்பிள்ளை ஆடுற மூவ். இதையா நான் வருஷம் பூரா தள்ளிப் போட்டேன்? பலகையைத் தூக்கிச் சுவத்துல அடிக்கலாம்னு வந்துச்சு. அடிக்கல. எந்திரிச்சுப் போய் சிஸ்டத்தைப் போட்டு, "பிறகு பாக்கணும்"ங்கிறதை அழிச்சிட்டு, மூவை அடிச்சு ஏத்தினேன்.

அவர் கடைக்குக் கிளம்பி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்படியில நின்னுக்கிட்டிருந்தார். உள்ள வரலாமா வேண்டாமான்னு ஒரு தயக்கம்.

"பிள்ளே, கோவப்படாத. ஒண்ணு கேக்கேன். இனி நீ ஆடப் போறதில்லல்லா. அந்த கிங்ஸ் காம்பிட்டை எங்க வைக்கணும்? திரும்ப சிடிக்கே அனுப்பிரட்டா?"

நான் திரும்பிப் பாக்காமலே சொன்னேன். "ஓடுற சரக்குல வைங்க."